டேட் கட்டளையில் நாள் கணக்கு: காந்தி ரோடு லாட்ஜ் பில்லிலிருந்து 1806 ஜூலை 10 வரை

லினக்ஸ் போட்ட எந்தக் கணினியிலும் டேட் கட்டளை கூடவே வந்துவிடுகிறது. காசு கிடையாது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ் பில், ராணிப்பேட்டை டேனரியில் தோல் பதனிடும் டிரம்மின் கணக்கு, குடியாத்தம் நகைக்கடன் வட்டி என்று எதற்காக இருந்தாலும், கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டில் 'இதிலிருந்து அதுவரை எத்தனை நாள், எத்தனை மணி' என்ற கேள்வி வந்தால் முதலில் கை போவது இதன் பக்கம்தான். லினக்ஸில் இருக்கும் க்னூ டேட்டுக்கு ஐந்துக்கு நாலு தரலாம். கழித்தலில் இது தவறுவதே இல்லை. கொடுக்கிற தேதியை எப்படிப் படித்துக்கொள்கிறது என்பதில்தான் அந்த ஒரு மதிப்பெண் போகிறது. பில் தப்பாக வந்தால் கழித்த வரியை விட்டுவிட்டுத் தேதி உள்ளே வந்த வரியைப் பாருங்கள்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'பெரிய' என்று சொல்லியிருக்கிறது. மாறிகளின், அதாவது மதிப்பைச் சேமித்து வைக்கும் இடங்களின், பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், ஷெல் வேறு எழுத்தை ஏற்காது.

அடிப்படை எளிது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகளாக இரண்டு தேதியையும் மாற்று, கழி, 86,400ஆல் வகு:

தொடக்கம்=$(டேட் -யூ -டி "2025-03-05" +%எஸ்)
முடிவு=$(டேட் -யூ -டி "2025-03-19" +%எஸ்)
எக்கோ $(( (முடிவு - தொடக்கம்) / 86400 ))

விடை 14. நடுவில் வருவது 12,09,600 விநாடி. '-டி'க்குப் பின்னால் நாம் கொடுக்கும் தேதி, '+%எஸ்' என்றால் விநாடியாகக் கொடு என்று பொருள், '-யூ' எதற்கு என்பது நேர மண்டலம் பற்றிச் சொல்லும்போது வரும். மாதம் தாண்டினாலும் வருடம் தாண்டினாலும், பிப்ரவரி 29 குறுக்கே வந்தாலும் இந்த மூன்று வரி போதும். 14 என்பது 14 இரவு. லாட்ஜில் இரவுக் கணக்கு என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விடுப்புக் கடிதம் மாதிரி முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்து எண்ணுகிற இடத்தில் 1 கூட்ட வேண்டும், அப்போது 15. எந்தக் கணக்கு என்பதைப் பில் போடுகிறவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஸ்கிரிப்டின் தலையில் ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிடுவது நல்லது.

இனி, தேதியை அது படிக்கிற விதம். நம் ஊரில் ரசீது, ரெஜிஸ்டர், எக்செல் தாள் எல்லாவற்றிலும் நாள் முதலில், மாதம் அடுத்து. சாய்கோடு போட்ட தேதியை டேட் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று படிக்கிறது. 05/03/2025 என்று கொடுத்தால் மார்ச் 5 வராது, மே 3 வரும். 19/03/2025 என்று கொடுத்தால் 19வது மாதம் இல்லை என்பதால் 'இன்வேலிட் டேட்' என்று நின்றுவிடும். நின்றுவிட்டால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நிற்காமல் போகிற கேஸ்தான் ஆபத்து. 05/03/2025இல் அறை எடுத்து 10/03/2025இல் காலி செய்த ஒருவருக்கு 5 நாள் வர வேண்டும். டேட் அதை மே 3 முதல் அக்டோபர் 3 வரை என்று எடுத்துக்கொண்டு 153 நாள் என்கிறது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். மாதத்தின் முதல் 12 தேதிகளுக்குள் விழுகிற எல்லாப் பதிவுகளும் இப்படித்தான் போகும். சோதித்துப் பார்த்த அன்று 20ஆம் தேதியாக இருந்தால் பிழை கண்ணில் படும், 8ஆம் தேதியாக இருந்தால் படாது.

சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 05-03-2025 என்பதை ஏற்காமல் பிழை சொல்லிவிடுகிறது. ஆனால் வருடத்தை இரண்டு இலக்கமாகச் சுருக்கி 05-03-25 என்று எழுதினால் ஏற்றுக்கொள்கிறது, 2005 மார்ச் 25 என்று. இரண்டு இலக்க வருடத்தில் 00 முதல் 68 வரை 2000களாகவும், 69 முதல் 99 வரை 1900களாகவும் எடுத்துக்கொள்ளும்.

வழி ஒன்றுதான். உள்ளே வரும் தேதியை வருடம்-மாதம்-நாள் என்று திருப்பிவிட்டு அப்புறம் டேட்டிடம் கொடுக்க வேண்டும். நாள்/மாதம்/வருடம் என்று 10 எழுத்தில் இருக்கிற சரத்தில், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஷெல்லான பாஷின் சரம் வெட்டும் வசதியால் 6வது இடத்திலிருந்து 4 எழுத்து, 3வது இடத்திலிருந்து 2, 0விலிருந்து 2 என்று எடுத்து நடுவில் சிறுகோடு வைத்தால் ஆயிற்று. 5/3/2025 என்று பூஜ்ஜியம் இல்லாமல் வரும் கோப்பில் இந்த இடக்கணக்கு கெட்டுவிடும். அங்கே சாய்கோட்டைப் பிரிப்பானாக வைத்து 'ரீட்' கட்டளையால் மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளவும். எதை எப்படிப் படித்தது என்று சந்தேகம் வந்தால் '--டீபக்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள், எந்தத் துண்டை நாளாக, எதை மாதமாக எடுத்தது என்று வரி வரியாகச் சொல்லும். இந்தக் கருவியில் இருப்பதிலேயே மிகப் பயனுள்ள வசதி இது. தெரிந்தவர்கள் குறைவு.

மாதப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் குழப்பமே வராது, '5 மார்ச் 2025' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் சரியாகப் படிக்கும். தமிழில் மாதப் பெயரை அச்சிடும்படி கணினியை அமைத்திருந்தால், டேட் தானே எழுதிய தேதியைத் தானே திரும்பப் படிக்காது. கோப்பில் சேமிப்பதை எப்போதும் எண் வடிவில் சேமிக்கவும். சுருக்கம்: '+%பெரிய எஃப்'.

காலிச் சரத்தையும் கவனிக்க வேண்டும். ரெஜிஸ்டரில் செக்-இன் தேதி விடுபட்டு, மாறி வெறுமையாக இருந்தால், டேட் பிழை சொல்வதில்லை. இன்றைய நள்ளிரவை எடுத்துத் தருகிறது. செக்-அவுட்டும் இன்றுதான் என்றால் தங்கியது 0 நாள் என்று பில் அழகாக அச்சாகிவிடும். டேட்டைக் கூப்பிடும் முன்னால் மாறி காலியா என்று '-இசட்' சோதனை ஒன்று போட்டுவிடுங்கள். மேற்கோள் குறிகளையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் மாறி காலியானால் அடுத்து நிற்கிற '+%எஸ்'ஐயே தேதி என்று எடுத்துக்கொண்டு குழப்பமான பிழை ஒன்றைக் கொடுக்கும்.

நேர மண்டலத்துக்கு வருவோம். இந்தியாவுக்குள் இன்றைய தேதிகளோடு மட்டும் வேலை என்றால் '-யூ' போடாமலும் விடை சரியாகவே வரும், ஏனென்றால் டேட் பார்க்கிற நேர மண்டலத் தரவில் 1945க்குப் பிறகு இந்தியக் கடிகாரம் முன்னும் பின்னும் நகரவில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதின ஸ்கிரிப்ட் வெளியூர் சர்வருக்குப் போகும்போதுதான் உடைகிறது. ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றுமதி செய்கிற நிறுவனம் ஒன்றின் ஆர்டர் கணக்கு, ஜெர்மனியில் பெர்லின் நேரத்தில் அமைத்த சர்வரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025-03-28 முதல் 2025-04-04 வரை 7 நாள். நடுவில் மார்ச் 30 அன்று அங்கே கோடைநேரம் தொடங்கி ஒரு மணி நேரம் குறைந்துவிட்டது. கழித்தால் கிடைப்பது 6 நாள் 23 மணி. ஷெல் கணக்கு தசமத்தை வெட்டிவிடும், விடை 6. தாமதக் கட்டணம் நாள் கணக்கில் இருந்தால் ஒரு நாள் காசு யாரோ ஒருவர் தலையில் விழும். '-யூ' போட்டால் இரண்டு தேதியும் உலகப் பொது நேரத்தில் படிக்கப்பட்டு 7 வரும். நாள் கணக்குக்கு '-யூ' கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தேதிகளில் இந்த விஷயம் இன்னும் சுவாரசியமானது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10 முதல், 200 ஆண்டு நிறைந்த 2006 ஜூலை 10 வரை எத்தனை நாள்? 200 பெருக்கல் 365, அதோடு 49 பிப்ரவரி 29கள் (1900இல் கிடையாது, 2000இல் உண்டு), ஆக 73,049. 1970க்கு முந்தைய தேதிக்கு விநாடி எண் மைனஸில் வரும், 64 பிட் கணினியில் அதனால் தொல்லை இல்லை. '-யூ' இல்லாமல், கொல்கத்தா நேர மண்டலத்தில் இதைக் கழித்தால் 73,049 நாளும் 1,408 விநாடியும் வருகிறது. எங்கிருந்து வந்தது அந்த 1,408? நேர மண்டலத் தரவில் 1854க்கு முன்னால் கொல்கத்தாவின் உள்ளூர் சூரிய நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 28 விநாடி முன்னே. இன்றைய 5:30க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 23 நிமிடம் 28 விநாடி. மிச்சம் விழுவதால் வகுத்தல் தப்பிக்கிறது.

1900இல் தப்பிக்காது. 1870 முதல் 1905 கடைசி வரை அந்தத் தரவில் இருப்பது மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. இன்றைய நேரத்தைவிட 530 விநாடி குறைவு. 1900-01-01 முதல் 2000-01-01 வரை 36,524 நாள். '-யூ' இல்லாமல் கழித்தால் 530 விநாடி குறைந்து, வெட்டின பிறகு 36,523 என்று நிற்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் பத்திரங்களின் தேதிகளை அட்டவணைப்படுத்துகிறவர்களுக்கு இது நேரடியாகவே இடிக்கும். அதைவிட வேடிக்கையானது 1906-01-01. அன்று நள்ளிரவில் மெட்ராஸ் நேரம் போய் இந்திய நேரம் வந்ததால், கடிகாரம் 12 மணியிலிருந்து 8 நிமிடம் 50 விநாடி தாண்டிக் குதித்தது. அந்த நள்ளிரவு என்ற கணமே தரவில் கிடையாது. அதனால் முழுக்கச் சரியான அந்தத் தேதியை டேட் 'இன்வேலிட் டேட்' என்று தள்ளுகிறது. 1942 செப்டம்பர் 1இலும் அதே கதை, போர்க்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய நாள். எல்லாவற்றுக்கும் மருந்து அதே '-யூ'.

மணி, நிமிடக் கணக்கில் டேட் சுகமாக இருக்கிறது, இரண்டு இடத்தைத் தவிர. டேனரியில் டிரம் இரவு 10:40க்குச் சுற்ற ஆரம்பித்து மறுநாள் காலை 6:15க்கு நிற்கிறது. நேரத்தை மட்டும் கொடுத்து '06:15' கழித்தல் '22:40' என்றால் இரண்டையும் இன்றைய நேரமாக எடுத்து மைனஸ் 16 மணி 25 நிமிடம் தருகிறது. தேதியையும் சேர்த்துப் பதிவு செய்வதே சரி. பழைய பதிவில் நேரம் மட்டும்தான் இருக்கிறது, ஓட்டம் 24 மணிக்குள் என்பது உறுதி என்றால், விடை மைனஸில் வரும்போது 86,400 கூட்டினால் 27,300 விநாடி வரும். அதை 3600ஆல் வகுத்தால் 7 மணி, மீதியை 60ஆல் வகுத்தால் 35 நிமிடம். இந்த வகுத்தலுக்குச் சோம்பல்பட்டு, கிடைத்த விநாடியை '@' குறியோடு மறுபடி டேட்டிடமே கொடுத்து மணி:நிமிடமாக அச்சிடச் சொல்கிற குறுக்குவழி பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. '-யூ'வும் சேர்த்தால் 24 மணிக்குள் அது வேலை செய்யும். 90,000 விநாடி, அதாவது 25 மணி கொடுத்தால் 01:00:00 என்கிறது. ஒரு முழு நாள் காணாமல் போய்விடும்.

இரண்டாவது இடம் பூஜ்ஜியம். மணியையும் நிமிடத்தையும் தனித்தனியாக எடுத்து ஷெல்லில் கழிக்கிறவர்கள், காலை 8, 9 மணிக்கும் 8, 9வது நிமிடத்திலும் மட்டும் ஸ்கிரிப்ட் நின்றுபோவதைப் பார்த்திருப்பார்கள். முன்னால் பூஜ்ஜியம் வைத்த எண்ணை பாஷ் எட்டடிமான எண்ணாக எடுக்கிறது, அதில் 8, 9 இலக்கமே இல்லை. வருடத்தின் எத்தனையாவது நாள் என்று கேட்கும் '+%ஜே' இன்னும் மோசம். ஜனவரி 8, 9இல் பிழை சொல்லும். ஜனவரி 10இல் 010 என்பதை 8 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். எண்ணுக்கு முன்னால் '10#' என்று போட்டால் பத்தடிமானம் என்று உறுதியாகிவிடும்.

மாதமும் வருடமுமாக வித்தியாசம் வேண்டும் என்றால் டேட் கைவிரிக்கிறது. 30ஆல் வகுப்பதும் 365ஆல் வகுப்பதும் கணக்கே ஆகாது. மாதம் கூட்டுவதிலும் இது சறுக்கும், 2025 ஜனவரி 31இலிருந்து ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 31 என்று போய், அது இல்லாததால் மார்ச் 3இல் போய் நிற்கும். வயது மட்டும் போதும் என்றால் நல்ல உபாயம் ஒன்று உண்டு. தேதியை எட்டு இலக்க எண்ணாக்கிக் கழித்து 10,000ஆல் வகுக்க வேண்டும். 2000 மார்ச் 5இல் பிறந்தவருக்கு 2025 மார்ச் 4 அன்று 20250304 கழித்தல் 20000305, அதாவது 2,49,999. வகுத்தால் 24. மறுநாள் கழித்தால் 2,50,000, வயது 25. லீப் வருடம் எதைப் பற்றியும் கவலை இல்லை.

நகைக்கடன் மாதிரி 'இத்தனை மாதம், மேல் இத்தனை நாள்' கேட்கிற இடத்துக்கு டேட்யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம். டெபியன், உபுண்டுவில் கட்டளையின் பெயர் 'டேட்யூட்டில்ஸ்.டிடிஃப்', வேறு சில இடங்களில் 'டேட்டிஃப்'. முதல் தேதி, இரண்டாம் தேதி என்று கொடுத்தால் நாள் எண்ணிக்கையைச் சொல்லிவிடும். 2025-02-08, 2025-03-09 கொடுத்தால் 29. '-எஃப்' வழியாக மாதமும் நாளும் கேட்டால் 1 மாதம் 1 நாள். நம் வழக்கப்படி நாள்/மாதம்/வருடம் என்று வரும் தேதியை '-ஐ' வழியாக வடிவம் சொல்லி அப்படியே ஊட்டலாம். டேட்டில் குறைகிற அந்த ஒரு மதிப்பெண் இங்கே கிடைத்துவிடுகிறது. குறை என்றால், எல்லாச் சர்வரிலும் இது இருக்காது, ஸ்கிரிப்டைக் கொண்டுபோகிற இடமெல்லாம் இதையும் நிறுவ வேண்டும். ஞாயிறு, சனி தள்ளி வேலைநாள் எண்ணும் வசதி இதில் உண்டு, ஆனால் பொங்கல் விடுமுறை அதற்குத் தெரியாது.

மேக் கணினியில் உள்ள டேட் வேறு பரம்பரை. அங்கே '-டி' இப்படி வேலை செய்யாது. '-ஜே -எஃப்' என்று போட்டு வடிவத்தைச் சொல்ல வேண்டும். வடிவத்தில் மணி, நிமிடம், விநாடி சொல்லாமல் விட்டால் பூஜ்ஜியமாக எடுக்காது, இந்தக் கணத்து நேரத்தை நிரப்பிக்கொள்ளும். இரண்டு கட்டளைக்கும் நடுவில் விநாடி மாறிவிட்டால் நாள் கணக்கே ஒன்று பிசகலாம். ஆகவே 00:00:00ஐச் சேர்த்தே கொடுக்கவும். 2025 பிப்ரவரி 30 என்று கொடுத்தால் க்னூ டேட் மறுக்கும், மேக்கில் மார்ச் 2 என்று சரிசெய்து ஏற்றுக்கொள்ளும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில் வரும் பிஸிபாக்ஸ் டேட்டுக்கு 'நேற்று' போன்ற ஆங்கிலச் சொற்கள் புரியாது, முழுத் தேதியும் நேரமும் கொடுத்தால் போதும். எந்த டேட்டாக இருந்தாலும் ஒரே சோதனை உதவும்: கொடுத்த தேதியை அதே வடிவத்தில் திருப்பி அச்சிடச் சொல்லி, கொடுத்ததும் வந்ததும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. 20,000 வரி உள்ள வருகைப் பதிவுக் கோப்பில் வரிக்கு ஒரு டேட் என்று லூப் போட்டால் 20,000 தடவை புதிதாக ஒரு செயல்முறை பிறந்து சாக வேண்டும். க்னூ டேட்டின் '-எஃப்' ஒரு கோப்பில் உள்ள எல்லாத் தேதிகளையும் ஒரே ஓட்டத்தில் மாற்றித் தந்துவிடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கோப்பில் ஒரு வரி கெட்டிருந்தால் அந்த வரிக்குப் பதில் எதையும் எழுதாமல் அடுத்ததற்குப் போய்விடும். தொடக்கத் தேதிகளையும் முடிவுத் தேதிகளையும் தனித்தனியாக மாற்றி அப்புறம் பக்கம் பக்கமாக ஒட்டினால், அந்த ஒரு வரிக்குக் கீழே எல்லோருடைய கணக்கும் ஒரு படி மேலே ஏறி இன்னொருவர் தலையில் உட்காரும். ஒட்டும் முன்னால் இரண்டு பக்கமும் வரி எண்ணிக்கை சமமா என்று 'டபிள்யூசி -எல்' போட்டுப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

கோப்பின் வயதைக் கேட்பவர்களுக்கு: பேக்கப் எடுத்து எத்தனை மணி ஆயிற்று என்று 'டேட் -ஆர்' வழியாகக் கணக்கிடும் ஸ்கிரிப்ட், உபுண்டு 25.10இல் ஆரம்பத்தில் ஏமாந்தது. அந்த வெளியீட்டில் க்னூ கருவிகளின் இடத்தில் ரஸ்ட் மொழியில் எழுதிய மாற்றுத் தொகுப்பு வந்தது. அதிலிருந்த டேட், கோப்பின் நேரத்தைக் கேட்டால் இப்போதைய நேரத்தைத் தந்தது, தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனையே அதனால் பாதிக்கப்பட்டது. பிறகு திருத்தம் வந்துவிட்டது. புதுப்பிக்காத கணினி கையில் இருந்தால் 'ஸ்டாட் -சி' கட்டளையில் '%பெரிய ஒய்', அதாவது கோப்பு கடைசியாக மாறிய விநாடி எண்ணைக் கேட்டு அந்த எண்ணையே கழித்துக்கொள்ளலாம்.

ஸ்கிரிப்ட் தானே எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்க டேட்டே வேண்டாம். பாஷில் 'செகண்ட்ஸ்' என்று முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு மாறி இருக்கிறது, அதை 0 ஆக்கிவிட்டுக் கடைசியில் படித்தால் போதும். மைக்ரோ விநாடி வேண்டும் என்றால் பாஷ் 5.0 முதல் 'எபாக்ரியல்டைம்' என்ற மாறி உண்டு, அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில், புள்ளியை நீக்கிவிட்டு முழு எண்ணாகக் கழிக்கவும். மேக்கோடு வரும் பாஷ் 3.2, அதில் இது கிடையாது. இரண்டுமே சுவர்க்கடிகார நேரத்தைத்தான் பார்க்கின்றன. பட்டறைக் கணினியில் மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்ததும் பழைய தேதியில் எழுந்து, நெட் கிடைத்த பிறகு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் கணினியில், நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் ஓட்ட நேரம் வருடக்கணக்கில் காட்டும். அப்படிப்பட்ட இடத்தில் 'ப்ராக்' கோப்பகத்தில் இருக்கும் 'அப்டைம்' கோப்பின் முதல் எண்ணை ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை படித்துக் கழியுங்கள். கணினி எழுந்ததிலிருந்து ஓடிய விநாடி அது, இரண்டு தசம இடத்தோடு. தேதியை யார் எப்படித் திருத்தினாலும் அது அசையாது.